பை சுட எந்தத் தட்டு? ஆறு தட்டுகளும் ஒரு தோசைக்கல்லும்

கோவை பெரியகடை வீதிப் பக்கம் ஏதாவது பாத்திரக் கடையில் நுழைந்து “பை தட்டு இருக்குதுங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். துணிப்பையா, கட்டைப்பையா என்று திருப்பிக் கேட்பார்கள். நீங்கள் கேட்பது மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பை (pie). “ஓவன்ல வைக்கிறதுங்க, ஓரம் சரிவா இருக்கும், 9 இஞ்ச்” என்று விளக்கினால், உள்ளே போய் ஆறு விதமான தட்டுகளைக் கொண்டுவந்து அடுக்குவார்கள். வெறும் அலுமினியம், கறுப்புப் பூச்சு போட்ட இரும்புத் தகடு, கண்ணாடி, பீங்கான், அடி தனியாகக் கழலும் தட்டு, ஒரு முறை சுட்டுவிட்டு எறியும் ஃபாயில் தட்டு. ஆறும் ஒரே வேலைக்குத்தான். ஆனால் ஒரே மாவை ஆறிலும் விரித்து ஒரே சூட்டில் சுட்டால் அடி ஆறு விதமாக வரும்.

வீட்டில் பை சுடுகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். மேலே நல்ல பொன்னிறம், ஓரம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும், கத்தியை இறக்கினால் அடி மட்டும் சொதசொதவென்று களியாக இருக்கும். தட்டின்மேல் பழி போட்டு அடுத்த தட்டு வாங்குவார்கள். அதிலும் அப்படியே வரும்.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். எறியும் ஃபாயிலை விட்டுவிட்டால், ஆறில் விலை குறைந்த வெறும் அலுமினியத் தட்டே போதும். மிச்சமாகும் பணத்தில் கைப்பிடி இல்லாத, நன்றாகத் தட்டையான வார்ப்பிரும்புக் கல் ஒன்றை வாங்கி ஓவனுக்குள் தட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். அடியை முறுகவைப்பதில் தட்டுக்குக் கால் பங்கு வேலை, கல்லுக்கு முக்கால் பங்கு.

கல் காயாமல் தோசை ஊற்றினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளுத்துப்போய் ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் கிழியும். பையின் அடியிலும் நடப்பது அதுவே. வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். மைதாவில் இருக்கும் மாவுச்சத்து 60 டிகிரியைத் தாண்டினால்தான் வெந்து கெட்டியாகத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாவு பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது. வெண்ணெய் ஓடிவிட்டது, மாவு இன்னும் இறுகவில்லை, மேலே பூரணத்தின் ஈரம் அழுத்துகிறது. அந்த நேரம் நீண்டால் ஈரம் மாவுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சுட்டாலும், அந்த ஈரம் வற்றும்வரை அடி 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நிறம் மாற 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே முதல் கால்மணி நேரத்தில் அடிக்கு வேகமாகச் சூடு போக வேண்டும். தட்டுக்கும் கல்லுக்கும் இதுதான் பரீட்சை.

இனி தட்டுகள்.

வெறும் அலுமினியம்: பேக்கரிகளில் கேக்குக்கும் பன்னுக்கும் பயன்படும் அதே தகடு. எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். புதிதாக வாங்கும்போது பளபளப்பாக இருப்பதால் ஓவனின் சூட்டுக்கம்பியிலிருந்து வரும் அனலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நாலைந்து தடவை சுட்டதும் மங்கிப்போகும், அதற்குப் பிறகு இன்னும் நன்றாக வேலை செய்யும். அதனால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தகடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். இரண்டு கையால் ஓரத்தைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள், வளைந்தால் வேறு எடுங்கள். குறை ஒன்று உண்டு. மாங்காய், எலுமிச்சை, தக்காளி போன்ற புளிப்புப் பூரணத்தை இதிலேயே இரவு முழுக்க வைத்தால் உலோக வாடை வரும். மேலே கருமையான கடினப் பூச்சு ஏற்றிய அலுமினியத் தட்டு கிடைத்தால் அந்தக் குறையும் இல்லை, அனலையும் நன்றாக உள்வாங்கும். விலை கூடுதல், ஆனால் ஆறுக்கும் மேலான ஏழாவது தட்டு அதுதான்.

கறுப்புப் பூச்சு இரும்புத் தகடு: கல் இல்லாமல் வெறும் கம்பி வலைமேல் வைத்துச் சுட்டால் ஆறில் இதுவே முந்தும். கறுப்பு நிறம் அனலை அப்படியே குடித்துக்கொள்கிறது. பிரச்சினையும் அதே இடத்தில்தான். வீட்டு ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறு கரண்ட் ஓவன்) கீழ்க்கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இருக்காது. கம்பிக்கு நேர்மேலே இரண்டு கருகிய கோடு விழும், நடுவில் வெளுத்திருக்கும். இந்தத் தட்டுக்குச் சூட்டை 10 முதல் 15 டிகிரி குறைத்து வையுங்கள். ஒட்டாத பூச்சு என்பதால் தட்டிலேயே கத்தி போட்டு அறுக்கக்கூடாது. பையைத் தட்டிலேயே வெட்டிப் பரிமாறுவதுதான் வழக்கம் என்பதால் பூச்சுக்கு ஆயுள் கொஞ்சம்தான்.

கண்ணாடி: சூடு மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஆனால் வேறு எதற்கும் இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு. தட்டைத் தூக்கி அடியைப் பார்க்கலாம். முதலில் மாவு வெள்ளையாக இருக்கும். பிறகு வெண்ணெய் ஊறிய இடங்கள் எண்ணெய்த்தாள் மாதிரி கண்ணாடித்தன்மையோடு தெரியும். அது பச்சை, எடுக்கக்கூடாது. அடுத்து அந்த ஈரப் பளபளப்பு மறைந்து மங்கலான மஞ்சளாகும், இப்போதும் எடுக்க வேண்டாம். தட்டை முறுக்கின் நிறம் நடுவரைக்கும் பரவிய பிறகே எடுங்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நாலைந்து பை இதில் சுட்டால் கண் பழகிவிடும். ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடித் தட்டைக் காய்ந்த கல்மேல் ஒருபோதும் வைக்காதீர்கள், சட்டென்று வெடிக்கும். கல்லும் கண்ணாடியும் சேராது.

பீங்கான்: மேசையில் வைக்க அழகு. தடிமனான அடி காயும் முன்பே வெண்ணெய் ஓடிவிடும். பருப்புக் கடையல் பரிமாற வாங்கிக்கொள்ளலாம்.

அடி கழலும் தட்டு: அலை அலையான ஓரம், அடியில் தனி வட்டத் தகடு. முன்கூட்டியே வெறும் ஓட்டைச் சுட்டு, ஆறிய பிறகு பூரணம் நிரப்பும் வகைகளுக்கு நல்லது. பழப் பைக்கு வேண்டாம். சாறும் வெண்ணெயும் விளிம்பு வழியாகக் கசிந்து கல்மேல் விழுந்து புகையும். கட்டாயம் இதில்தான் சுட வேண்டுமென்றால் கல்மேல் ஒரு ஃபாயில் விரித்துவிடுங்கள்.

எறியும் ஃபாயில் தட்டை யாரும் மதிப்பதில்லை. தகடு மெலிது என்பதால் கல்லின் சூடு உடனே மாவுக்குப் போகிறது. காய்ந்த கல்மேல் வைத்தால் விலை உயர்ந்த இரண்டு தட்டுகளைத் தாண்டிவிடும். வெறும் வலைமேல் வைத்தால் கடைசி இடம். எடுக்கும்போது வளைந்து ஓடு விரிசல் விடும், அடியில் ஒரு சப்பைத் தட்டைச் செருகி எடுக்க வேண்டும்.

கடையில் இல்லாமல் வீட்டில் இருக்கும் தட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, கொங்கு நாட்டுப் பேச்சில் வட்டல், ஓவனுக்குள் ஒன்றுக்கும் ஆகாது. சூட்டையும் மெதுவாகக் கடத்தும், பளபளப்பால் அனலையும் திருப்பி அடிக்கும். திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பித்தளைத் தட்டு கனமும் உண்டு, சூட்டையும் நன்றாகக் கடத்தும். ஆனால் உள்ளே ஈயம் பூசியதாக இருந்தால் தொடாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். நீங்கள் ஓவனை வைப்பது 220, ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

கல் வாங்கும்போது நான்கு விஷயம் பாருங்கள்; முதலாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். நம் ஊர்த் தோசைக்கற்களில் பல நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். எண்ணெய் நடுவில் தங்க அது வசதி. ஆனால் அதன்மேல் தட்டையான பை தட்டை வைத்தால் ஓரம் மட்டும் கல்லில் உட்காரும், நடுவில் காற்று நிற்கும். விளைவு, பையின் வெளி வட்டம் முறுகி, நடு வட்டம் களியாக இருக்கும். ஓர் இரும்பு அளவுகோலைக் கல்லின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, எதிரே வெளிச்சம் வரும்படி பாருங்கள். கோலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அது தோசைக்குத்தான். சப்பாத்திக் கல் என்று விற்கும் தட்டை வகை பெரும்பாலும் பொருந்தும். அதே சோதனையைப் பை தட்டின் அடியிலும் செய்யுங்கள். சில தட்டுகளின் அடியில் வளையம்போல ஒரு மேடு அழுத்தியிருப்பார்கள். கல் எவ்வளவு தட்டையாக இருந்தாலும் அந்த மேட்டின் உயரத்துக்குத் தட்டு எழும்பி நிற்கும்.

இரண்டாவது, கைப்பிடி. நீளக் கைப்பிடி இருந்தால் ஓவன் கதவு மூடாது. காது வளையம் இருந்தால் எடுத்துவைக்க வசதி. பிளாஸ்டிக் பிடி போட்ட ஒட்டாத தவாவை உள்ளே வைத்துவிடாதீர்கள். மூன்றாவது, அகலம். 28, 30 லிட்டர் ஓடிஜிக்கு 10 அங்குலத்துக்குமேல் கல் வேண்டாம். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் கீழ்க்கம்பியின் சூடு மேலே வராமல் கல்லுக்கடியிலேயே அடைபடும். மேலோடு வெளுக்கும், திருகும் தவறான சூட்டைக் காட்டும். நான்காவது, கனம். 10 அங்குலக் கல் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. குளிர்ந்த தட்டை மேலே வைத்ததும் சூடு விழாமல் தாங்குவது அந்தக் கனம்தான். தகட்டை வளைத்துச் செய்த லேசான கல் உடனே காயும், உடனே ஆறும்.

புதுக் கல்லைத் தோசைக்குப் பழக்குவதுபோலவே எண்ணெய் தடவிக் காய்ச்சிப் பழக்குங்கள். அதற்குமேல் இதற்கு எண்ணெய் தேவையில்லை. சிந்திய சர்க்கரைப் பாகைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், துரு ஏறும். ஆறிய பிறகு தோசைத் திருப்பியால் சுரண்டிவிட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

வைக்கும் முறை இது. வலையைக் கீழிருந்து முதல் படியில் மாட்டி, கல்லை அதன்மேல் வைத்து, 220 டிகிரியில் ஓவனைப் போடுங்கள். ஓவன் காய்ந்துவிட்டது என்று விளக்கு பத்து நிமிடத்தில் அணையும். அது காற்றின் சூடு. கல் காய 35 முதல் 40 நிமிடம் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் பத்தாவது நிமிடத்தில் தட்டை வைப்பவர்களுக்குக் கல் உதவாது, கெடுக்கும். காயாத கல் கீழ்க்கம்பியின் அனலை மறைத்துக்கொண்டு நிற்கும். கரண்ட் செலவு ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். அதுவும் கணக்கு என்பவர்கள், கேஸ் அடுப்பில் மிதமான தீயில் ஆறேழு நிமிடம் கல்லைக் காயவைத்து, தடித்த கையுறையோடு ஓவனுக்குள் மாற்றலாம். காய்ந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்காதீர்கள். கதவுக் கண்ணாடியில் பட்டால் விரிசல் விடும்.

தோட்டத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சாயங்காலம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் 200 ஆனால் கம்பியின் சூடு கால் பங்கு குறைந்து, முக்கால் பங்கே மிஞ்சும். கீழ்க்கம்பி செக்கச்சிவப்பாக இல்லாமல் மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கு வேறு நேரம் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேரத்தைப் பின்பற்றியும் அடி வேகவில்லை என்று புலம்புகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கிவைத்தால் சந்தேகமே இருக்காது.

கல் நன்றாக இருந்து மாவு கெட்டுப்போனால் அதற்குத் தட்டும் கல்லும் பொறுப்பல்ல. 9 அங்குலத் தட்டின் அடி ஓட்டுக்கு மைதா 180 கிராம், வெண்ணெய் 110 கிராம், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐஸ் தண்ணீர் 45 முதல் 55 மில்லி. கடை வெண்ணெயில் உப்பு இருந்தால் தனி உப்பு வேண்டாம். ஊத்துக்குளி வெண்ணெய் போட்டால் மணம் அபாரம். ஆனால் அதில் மோரும் தண்ணீரும் கூடுதலாகத் தங்கியிருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டு விரலால் அழுத்தி அழுத்தி, தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மெல்லிய வேட்டித்துணியில் ஒற்றியெடுத்து, வில்லையாகத் தட்டி, ஃப்ரிட்ஜில் கல்லாக இறுகவிடுங்கள். அப்போதும் மாவுக்கான தண்ணீரை 35, 40 மில்லியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் செய்யாமல் அப்படியே போட்டால் பிசுபிசுவென்று வரும், சுட்ட பிறகு மொறுமொறுப்புக்குப் பதில் ரப்பர் மாதிரி இழுக்கும்.

மேலோட்டுக்கு வெண்ணெயைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக விட்டால் இதழ் இதழாகப் பிரியும். அடி ஓட்டுக்கு அது வேண்டாம். வெண்ணெய் ரவை பதத்துக்கு மாவோடு கலக்கட்டும். மாவின் ஒவ்வொரு பொடியும் கொழுப்பில் புரண்டால் தண்ணீர் உள்ளே ஏறுவது குறையும். இரண்டுக்கும் ஒரே மாவைப் பிசைந்து வைப்பதால்தான் பல பேருக்கு அடி பலவீனமாகிறது.

ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் அடுப்படியே வெண்ணெய் உருகும் சூட்டில் இருக்கும். மைதாவை முன்தினமே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். அதிகாலையில், அடுப்புப் பற்றவைக்கும் முன் பிசைந்து முடியுங்கள். பிசைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். 3 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துத் தட்டில் விரித்த பிறகு, தட்டோடு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். விரிக்கும்போது மாவை இழுத்துப் பொருத்தாதீர்கள், சுடும்போது சுருங்கி இறங்கும். தூக்கித் தூக்கி மூலைக்குள் விழவிடுங்கள். அடியும் சுவரும் சேரும் மூலையில் மடிப்பு விழுந்தால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகிப் பச்சையாகவே நிற்கும்.

வெறும் ஓட்டை முதலில் சுடும்போது மேலே பாரம் வேண்டும். இதற்கென்று பீங்கான் குண்டுகள் விற்கிறார்கள். தண்டச் செலவு. கொள்ளு போதும், இந்தச் சீமையில் அதற்குப் பஞ்சமும் இல்லை. சின்னதாக, சப்பையாக இருப்பதால் மூலை முடுக்கெல்லாம் போய் உட்காரும். மொச்சையோ ராஜ்மாவோ போட்டால் மூலையில் இடைவெளி விட்டுவிடும், சுவர் சரியும். 9 அங்குலத் தட்டுக்கு ஒரு கிலோ அளவில், விளிம்புவரை நிரப்புங்கள். அரைத் தட்டு நிரப்பினால் மேல் பாதிச் சுவர் சரியும். மாவுக்கும் கொள்ளுக்கும் நடுவே பேக்கிங் தாள் விரிக்க வேண்டும். பட்டர் பேப்பர் என்று விற்பதில் மெழுகு பூசியதும் வருகிறது, அது ஓவனில் புகையும். முதல் தடவை கொள்ளு வறுபடும் வாசம் வீடு முழுக்க வரும், பயப்பட வேண்டாம். அதே கொள்ளைத் தனி டப்பாவில் போட்டுவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதில் ரசம் வைக்கப் பார்க்காதீர்கள், வேகாது.

காய்ந்த கல்மேல் 200 டிகிரியில் 20 நிமிடம். தாளோடு கொள்ளைத் தூக்கிவிட்டு, முள்கரண்டியால் அடி முழுக்கக் குத்தி, மறுபடி 8 முதல் 12 நிமிடம். இந்த இரண்டாம் சுற்றைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். கொள்ளு எடுத்தவுடன் அடி ஈரமாக, வெளுத்து இருக்கும். அந்த ஈரம் போக வேண்டும். விரல் நுனியால் தட்டினால் தட்டை முறுக்கைத் தட்டுவதுபோல் காய்ந்த சத்தம் வர வேண்டும். பிறகு முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகப் பூசி இரண்டு நிமிடம் உள்ளே வைத்தால் ஒரு மெழுகுப் படலம் மாதிரி நின்று ஈரத்தைத் தடுக்கும். முட்டை புழங்காத வீடுகளில் பொட்டுக்கடலை மாவு இரண்டு டேபிள்ஸ்பூனை அடியில் சலித்துவிடலாம். பழச் சாற்றை அது குடித்துக்கொள்ளும். ரஸ்க் தூளும் வறுத்த கடலைக்காய்ப் பொடியும் சரிவரும், வாழைப்பழப் பைக்குக் கடலைக்காய்தான் எடுப்பு.

பூரணத்தில் எது அடிக்கு நல்லது, எது எதிரி? பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி பைக்கு ஏற்ற உள்ளீடு கிடைப்பது அரிது. சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கோழி, அவ்வளவுதான், குழம்பு இல்லை. எலும்பில்லாத கறியைச் சிறு துண்டாக்கி, சட்டியில் சலசலப்பு நின்று எண்ணெய் பிரியும்வரை வதக்கி, அந்த எண்ணெயையும் வடித்துவிடுங்கள். தண்ணீரைப்போல எண்ணெயும் அடியை ஊறவைக்கும். நன்றாக ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும். சூட்டோடு கொட்டினால் ஃப்ரீசரில் வைத்த பாடெல்லாம் வீண்.

ஒப்புட்டுக்கு (போளிக்கு) செய்யும் பூரணமும் பொருத்தமானதே, தேங்காயானாலும் கடலைப்பருப்பானாலும். உருட்டினால் உருண்டை நிற்கிற பதம் வேண்டும். வெல்லப்பாகு கிளறும்போதே தண்ணீரை வற்றவிட வேண்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையைப் பூரணத்தில் அப்படியே தூவினால் நாக்குக்கு நல்லது, அடிக்கு நல்லதல்ல. அது காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும் சரக்கு, சூட்டில் இளகிப் பாகாக அடியில் தேங்கும். பூரணத்தோடு சேர்த்துக் கிளறிச் சுண்டவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மாம்பழம்தான் கஷ்டமான பரீட்சை. சேலத்து மல்கோவாவைப் பையில் போடுவது பாவம், அது சாறாகவே ஓடிவிடும். செங்காயான கிளிமூக்கு எடுங்கள். துண்டு 700 கிராமுக்குச் சர்க்கரை 90 கிராம், ஒரு சிட்டிகை உப்பு போட்டு அரை மணி நேரம் வைத்தால் சாறு விடும். சாற்றை வடித்து மூன்றில் ஒரு பங்காகச் சுண்டவைத்து, ஆறியதும் 25 கிராம் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) கலந்து துண்டுகளோடு சேருங்கள். மேலோட்டில் நாலு கீறல் கட்டாயம். ஆவி போக வழியில்லாவிட்டால் உள்ளேயே சுற்றி அடிக்கு இறங்கும். முதல் 20 நிமிடம் 220 டிகிரியில் கீழ்க்கம்பி மட்டும், பிறகு 190 டிகிரியில் இரண்டு கம்பியும் 30 முதல் 40 நிமிடம். கீறல் வழியாக நடுவில் கெட்டியான குமிழ் வரும்வரை எடுக்க வேண்டாம். ஓரத்தில் குமிழ் வந்ததும் எடுத்தால் நடுவில் சோளமாவு வேகாமல் சாறு நீர்த்தே இருக்கும், அரை மணி நேரத்தில் அடி ஊறிவிடும். அதற்குள் ஓரம் கருகும்போல் இருந்தால் ஃபாயிலை வளையமாக வெட்டி ஓரத்தை மட்டும் மூடுங்கள்.

அறுத்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அடி முழுக்க வெளுத்து மாவு வாடை அடித்தால் கல் காயவில்லை. நிறம் இருந்தும் மேல்பக்கம் மட்டும் பசைபோல் ஒரு படலம் இருந்தால் பூரணத்தில் ஈரம் மிச்சம். ஓரம் முறுகி நடு மட்டும் களியென்றால் கல்லோ தட்டோ குழிந்திருக்கிறது. அடி கல்போலக் கடினமாகி உடையவே இல்லையென்றால் தண்ணீர் அதிகம், அல்லது சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்திருக்கிறீர்கள். சரியான துண்டை நடு நுனி வெளியே நீட்டியபடி கையில் பிடித்தால் நுனி தொங்காது.

நன்றாகச் சுட்ட அடியைக் கெடுக்கும் கடைசி இடம் சமையல் மேடை. ஓவனிலிருந்து எடுத்த தட்டை நேராகக் கிரானைட் மேல் வைத்தால் அடியில் ஆவி தண்ணீராகி மாவுக்கே திரும்பும். கால் வைத்த கம்பி வலைமேல் வையுங்கள். வலை இல்லையென்றால் இரண்டு கரண்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் வைத்தாலும் போதும், கீழே காற்று ஓட வேண்டும், அவ்வளவே. சூட்டோடு மூடி போட்டு வைக்கக் கூடாது. பழப் பை இரண்டு மணி நேரமாவது ஆறிய பிறகே அறுக்க வேண்டும், அதற்குமுன் அறுத்தால் சாறு ஓடும். கறிப் பையை 20 நிமிடத்தில் அறுக்கலாம். மறுநாளைக்கு மிஞ்சியதை மைக்ரோவேவில் வைத்தால் அடி துணி மாதிரி ஆகிவிடும். அதே தோசைக்கல்லைக் கேஸ் அடுப்பில் சிறு தீயில் காயவைத்து, துண்டைத் தட்டு இல்லாமல் நேராகக் கல்மேல் வைத்து, மூடாமல் ஆறேழு நிமிடம் விட்டால் அடி மறுபடி முறுகும்.